ஆறு ரிங்கிட் குறுந்தட்டு: இயங்குதளங்களின் சோதனைப் பதிப்புகளும் குறிப்பெயர்களும்

முன்னுரை

2003ஆம் ஆண்டின் இறுதியில் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு செய்தியை ராய்ட்டர்ஸ் நிறுவனம் உலகெங்கும் அனுப்பியது. மைக்ரோசாப்ட் இன்னும் வெளியிடாத ஓர் இயங்குதளம் அந்நகரில் குறுந்தட்டாக விற்கப்படுகிறது என்பதே அச்செய்தி. வெளியீட்டுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று அந்நிறுவனமே கூறிவந்த நேரம் அது. குறுந்தட்டின் விலை ஏறத்தாழ 6 ரிங்கிட். இயங்குதளத்தின் பெயர் 'லாங்ஹார்ன்'.

அந்தப் பெயரில் எந்த விண்டோசும் பின்னர் கடைக்கு வரவில்லை. அந்தக் குறுந்தட்டில் இருந்த மென்பொருளின் வழியில் நடந்துவந்த வேலையையும் 2004இல் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டு, வேறோர் அடித்தளத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. ஆக, 6 ரிங்கிட் கொடுத்தவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றது, பிறக்காமலே போன ஒரு விண்டோசின் கருநிலை வடிவத்தைத்தான்.

ஒரு படைப்பை உலகுக்கு வழங்குமுன் அறிந்தவர் அவையில் வைத்துக் குறை கேட்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தை அதங்கோட்டாசான் கேட்டு ஏற்றதாக அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. கம்பரின் காவியம் திருவரங்கத்தில் அரங்கேறியதாகச் செவிவழி மரபு உண்டு. அரங்கேற்றத்தில் இரண்டு பேர் தேவை. குறையைச் சொல்லும் துணிவுள்ள ஒருவர். அதைக் கேட்கும் பொறுமையுள்ள மற்றொருவர். கணினி உலகில் இந்த அரங்கேற்றத்துக்குச் 'சோதனைப் பதிப்பு' என்று பெயர்.

மேசைக் கணினி இயங்குதளங்களின் சோதனைப் பதிப்புகள் சிலவற்றையும் அவற்றுக்கு வழங்கிய குறிப்பெயர்களையும் இக்கட்டுரை எடுத்துக் காட்டுகிறது. சொல்லப்பட்டதும் கேட்கப்பட்டதும் எங்கே பயன் தந்தன, எங்கே தவறின என்று பார்ப்பதே நோக்கம். இறுதியில், தமிழ் மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கும் விடை காண முயல்வோம்.

சோதனைப் பதிப்பு என்றால் என்ன?

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று இரண்டையும் இணைப்பது இயங்குதளம். விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை நாம் நன்கு அறிந்தவை. இவற்றை நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான நிரலாளர்கள் சேர்ந்து எழுதுகின்றனர்.

அவர்கள் எழுதும் நிரல்களை அவ்வப்போது ஒன்றுசேர்த்து இயங்கும் வடிவமாக ஆக்குவர். ஆங்கிலத்தில் இதனைப் 'பில்டு' என்பர். நாம் 'கட்டுமானம்' எனலாம். ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் ஓர் எண் உண்டு. கடைக்கு வந்த விண்டோஸ் 95இன் எண் 950. விண்டோஸ் எக்ஸ்பியின் எண் 2600. விண்டோஸ் விஸ்டாவின் எண் 6000. இடைப்பட்ட எண்களில் மிகப் பெரும்பாலானவை நிறுவனத்தின் சுவர்களைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

வெளியே வருபவை பொதுவாக மூன்று நிலைகளில் வரும். முதலாவது 'ஆல்பா'. பல உறுப்புகள் இன்னும் பொருத்தப்படாத நிலை இது. பெரும்பாலும் நிறுவனத்துக்குள்ளேயே சோதிக்கப்படும். இரண்டாவது 'பீட்டா'. வேண்டிய உறுப்புகள் ஏறக்குறைய அனைத்தும் இருக்கும்; பிழைகளும் இருக்கும். வெளியாரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது இந்நிலையில்தான். மூன்றாவது, வெளியீட்டுக்குத் தகுதி பெற்றதாகக் கருதப்படும் பதிப்பு. பெரிய பிழை எதுவும் தென்படாவிட்டால் இதுவே இறுதிப் பதிப்பாகிவிடும்.

அதன் பின்னர் மென்பொருள் தயாரிப்புக்கு அனுப்பப்படும். குறுந்தட்டுகள் அச்சிடப்பட்ட காலத்தில் இதற்கே வாரக் கணக்கில் நேரம் தேவைப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஆகஸ்டு 24ஆம் நாள் முடிக்கப்பட்டாலும், அக்டோபர் 25ஆம் நாள்தான் விற்பனைக்கு வந்தது.

சோதனைப் பதிப்புகளுக்குப் பெரும்பாலும் காலாவதி நாள் உண்டு. குறித்த நாளுக்குப் பின் அவை இயங்க மறுக்கும். அரைவேக்காட்டுப் பதிப்பை எவரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

குறிப்பெயர் எதற்கு?

வெளியீட்டுக்கு முன்னர் ஒரு திட்டத்தை அழைக்க நிறுவனத்தார் வைத்துக்கொள்ளும் பெயரே குறிப்பெயர். விற்பனைப் பெயரை முடிவு செய்வது வணிகப் பிரிவின் வேலை. அது கடைசி நேரத்தில்தான் நடக்கும். அதுவரை வேலை செய்பவர்கள் எதையாவது சொல்லி அழைக்க வேண்டுமல்லவா? 'சிகாகோ' விண்டோஸ் 95 ஆனது. 'மெம்பிஸ்' விண்டோஸ் 98 ஆனது. இரண்டுமே அமெரிக்க நகரங்களின் பெயர்கள்.

குறிப்பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு. அதற்கு நல்ல சான்று டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீடு. 1995ஆம் ஆண்டின் இறுதியில், முழுமை பெறாத ஒரு டெபியன் பதிப்பை ஒரு குறுந்தட்டு விற்பனை நிறுவனம் 'டெபியன் 1.0' என்று தவறாகப் பெயரிட்டு விற்றுவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்க டெபியன் குழுவினர் 1.0 என்ற எண்ணையே கைவிட்டு, 1996இல் வந்த தங்கள் வெளியீட்டுக்கு 1.1 என்று எண் கொடுத்தனர். அது முதல், வேலை நடந்துகொண்டிருக்கும் பதிப்புக்கு எண்ணுக்குப் பதிலாகக் குறிப்பெயரே வழங்கப்படுகிறது. எண் இல்லாத ஒன்றை முடிந்த பொருள் என்று எவரும் எண்ணிவிட முடியாது.

அப்போது டெபியன் திட்டத்தின் தலைவராக இருந்த புரூஸ் பெரன்ஸ், பிக்சார் படநிறுவனத்தில் பணியாற்றியவர். எனவே 'டாய் ஸ்டோரி' படத்தின் பாத்திரங்களே டெபியன் பதிப்புகளின் பெயர்களாயின: பஸ், ரெக்ஸ், ஹாம், பொட்டேட்டோ, வூடி எனத் தொடர்கிறது வரிசை. எப்போதும் நிலைபெறாமல் மாறிக்கொண்டேயிருக்கும் சோதனைக் கிளைக்கு மட்டும் நிலையாக ஒரே பெயர், 'சிட்'. படத்தில் பொம்மைகளை எல்லாம் உடைத்துப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் அவன். இதைவிடப் பொருத்தமான பெயர் சோதனைப் பதிப்புக்கு வாய்க்காது.

சிகாகோ: ஒரு பொத்தான் பிறந்த கதை

விண்டோஸ் திரையின் ஓரத்தில் இருக்கும் 'ஸ்டார்ட்' பொத்தானை அறியாத கணினிப் பயனர் இல்லை. ஆனால் சிகாகோவின் தொடக்கக் காலக் கட்டுமானங்களில் அந்தப் பொத்தான் கிடையாது.

1993ஆம் ஆண்டுக் கட்டுமானங்களில் திரையின் அடியில் ஒரு பட்டையும், அதன் இடப்பக்கத்தில் மூன்று பொத்தான்களும் இருந்தன. ஒன்றில் விண்டோஸ் சின்னம். அது கணினி சார்ந்த பட்டியலைத் திறப்பது. மற்றொன்று தேடுவதற்கு. மூன்றாவது உதவிக்கு. வடிவமைத்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெளிவாகவே தோன்றியது. மென்பொருள்களைத் திறக்க விண்டோஸ் சின்னத்தை அழுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவர்கள்தாமே அதை அமைத்தவர்கள்!

பொதுமக்களை அழைத்துக் கணினியின் முன் உட்கார வைத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பலர் திரையைப் பார்த்தபடி அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே அமர்ந்திருந்தனர். இதைக் கண்ட பிறகு, மூன்று பொத்தான்களின் வேலையும் படிப்படியாக ஒன்றில் சேர்க்கப்பட்டது. அதன் மேல் 'தொடங்கு' என்று பொருள்படும் 'ஸ்டார்ட்' என்ற சொல் எழுதப்பட்டது. அந்த ஒரு சொல்லால் சோதனை முடிவுகள் பெருமளவு மேம்பட்டன என்று மைக்ரோசாப்ட் நிரலாளர் ரேமண்ட் சென் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இந்தச் சோதனைகளைப் பற்றி மைக்ரோசாப்டைச் சேர்ந்த கென்ட் சல்லிவன் 1996இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதன்படி, விண்டோஸ் 95இன் திரை அமைப்பு மட்டும் 64 சுற்றுகளாக 560 பேரிடம் சோதிக்கப்பட்டது. முதலில் போட்ட திட்டத்தைக் கட்டிக்காப்பதைவிட, வடிவமைப்பதும் சோதிப்பதும் திருத்துவதும் மாறிமாறி நடக்க வேண்டும் என்பதே அக்கட்டுரை தரும் பாடம்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் சோதனை நடந்தது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் விண்டோஸ் 95இன் முன்னோட்டப் பதிப்பு 19.95 டாலருக்குப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. பிழையுள்ள மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி, அதிலுள்ள பிழையையும் கண்டு சொன்னார்கள் மக்கள். 1995 ஆகஸ்டு 24ஆம் நாள் விண்டோஸ் 95 வெளிவந்தது.

கோப்லேண்டும் கொடியாக்கும்

அதே காலத்தில் ஆப்பிள் நிறுவனமும் தன் மேக்கிண்டாஷ் கணினிக்குப் புதிய இயங்குதளம் ஒன்றை உருவாக்க முனைந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் ஆரோன் கோப்லேண்டின் நினைவாக அதற்குக் 'கோப்லேண்ட்' என்று பெயர். ஒரு மென்பொருள் செயலிழந்தால் கணினி முழுவதும் நின்றுவிடும் பழைய குறையைப் போக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

நோக்கம் நல்லது. ஆனால் ஒவ்வொரு குழுவும் தனக்கு வேண்டிய புதுமையைக் கோப்லேண்டில் சேர்த்துக்கொண்டே போனது. சேர்ப்பதற்குப் பலர் இருந்தனர்; போதும் என்று சொல்ல எவரும் இல்லை. 1996 ஆகஸ்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதன் சில உறுப்புகள் மட்டும் 1997இல் வந்த மேக் ஓஎஸ் 8இல் இடம்பெற்றன. சொந்தமாக அமைக்க முடியாததை வெளியிலிருந்து வாங்க முடிவெடுத்த ஆப்பிள், 1996 டிசம்பரில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. அந்நிறுவனத்தை நிறுவிய ஸ்டீவ் ஜாப்ஸ் அதன்வழி ஆப்பிளுக்குத் திரும்பினார்.

நெக்ஸ்ட் இயங்குதளத்தின் அடித்தளத்தில் உருவானதே மேக் ஓஎஸ் எக்ஸ். இம்முறை ஆப்பிள் பொதுமக்களின் கருத்தைக் கேட்கத் துணிந்தது. 2000 செப்டம்பர் 13ஆம் நாள் அதன் பொதுச் சோதனைப் பதிப்பு 29.95 டாலர் விலையில் வெளியானது. அதன் குறிப்பெயர் 'கொடியாக்', அலாஸ்காவில் வாழும் ஒரு கரடியினம்.

கொடியாக்கில் ஒரு விந்தை இருந்தது. பழைய மேக்கில் திரையின் மேல் இடமூலையில் ஆப்பிள் சின்னமும், அதை அழுத்தினால் திறக்கும் ஒரு பட்டியலும் இருக்கும். கொடியாக்கில் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. சின்னம் மட்டும் மேல்பட்டையின் நடுவில் வெறும் அலங்காரமாக நின்றது. அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பல்லாண்டுப் பயனர்கள் இதைப் பற்றி உரக்க முறையிட்டனர். 2001 மார்ச் 24ஆம் நாள் வெளியான 10.0 பதிப்பில் ஆப்பிள் சின்னம் பழைய இடமூலைக்கே திரும்பியது. அதன் அடியில் மீண்டும் ஒரு பட்டியல் இருந்தது. கொடியாக்கின் வேலை முடிந்துவிட்டது. 2001 மே மாதத்தோடு அது காலாவதியானது.

இரண்டு மலைகளும் ஒரு மதுக்கூடமும்

இனி, நம் 6 ரிங்கிட் குறுந்தட்டுக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசாப்ட், வீட்டுப் பயனருக்கான 'நெப்டியூன்', அலுவலகப் பயனருக்கான 'ஒடிஸி' ஆகிய இரண்டு திட்டங்களை இணைத்து ஒன்றாக்கியது. புதிய திட்டத்தின் பெயர் 'விஸ்லர்'. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற மலை அது. அதுவே விண்டோஸ் எக்ஸ்பி ஆனது. விஸ்லருக்கு அடுத்த பெரிய திட்டத்துக்கு அதன் பக்கத்து மலையான 'பிளாக்கோம்' என்று பெயர் வைத்தனர்.

பிளாக்கோம் பெரிய வேலை, பல ஆண்டுகள் ஆகும் என்பதால், நடுவில் சிறியதாக ஒரு வெளியீடு இருக்கட்டும் என்று எண்ணினர். அந்த மலையடிவாரத்தில் பனிச்சறுக்கு வீரர்கள் இளைப்பாறும் ஒரு மதுக்கூடம் உண்டு. அதன் பெயர் லாங்ஹார்ன். இரண்டு மலைகளுக்கு இடையே சற்றே இளைப்பாறும் இடம். பெயரிலேயே திட்டத்தின் அளவு தெரிந்தது.

ஆனால் இளைப்பாறும் இடம் மலையை விடப் பெரிதாக வளர்ந்தது. பிளாக்கோமுக்கென வைத்திருந்த திட்டங்கள் ஒவ்வொன்றாக லாங்ஹார்னுக்குள் வந்தன. 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிசில் நடந்த நிரலாளர் மாநாட்டில் மூன்று பெரும் தூண்கள் அறிவிக்கப்பட்டன: திரைக்காட்சிக்கு 'அவலான்', கணினிகளுக்கிடையிலான தொடர்புக்கு 'இண்டிகோ', கோப்புகளைச் சேமிக்க 'வின்எஃப்எஸ்'. மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு 4051 என்ற எண் கொண்ட கட்டுமானம் வழங்கப்பட்டது. ஜொகூர் பாரு செய்தி வந்தது இதையடுத்த சில வாரங்களில்தான்.

மூன்றில் பலரையும் ஈர்த்தது வின்எஃப்எஸ். ஒரு கோப்பை எந்த உறையில் போட்டோம் என்று நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. 'சென்ற ஆண்டு கலைவிழாவில் எடுத்த, இன்னார் இருக்கும் படங்கள்' என்று உறவுகளைக் கொண்டே கணினி தேடித் தரும் என்பது அதன் கருத்து. கேட்க இனிமையானது. இதற்கு முன் 1990களில் 'கெய்ரோ' என்னும் மைக்ரோசாப்ட் திட்டமும் இதையொத்த கனவைக் கண்டது. அத்திட்டத்தின் சில பகுதிகள் பிற விண்டோஸ்களில் சேர்ந்தனவே தவிர, கெய்ரோ என்ற முழுப்பொருள் வெளிவரவில்லை.

லாங்ஹார்னின் கட்டுமானங்கள் எண்ணிக்கையில் ஏற ஏற, நிலையில் இறங்கின. மெதுவாக இயங்கின; நினைவகத்தை விழுங்கின; அடிக்கடி செயலிழந்தன. ஒரு பகுதியைத் தொட்டால் மற்றொரு பகுதி உடையும் அளவுக்கு உறுப்புகள் ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன. 2004ஆம் ஆண்டு நடுப்பகுதியில், விண்டோஸ் பிரிவின் தலைவர் ஜிம் ஆல்ச்சின் நிறுவனர் பில் கேட்ஸிடமே சென்று, இது நடக்காது என்று எடுத்துச் சொன்னார். மூன்றாண்டு உழைப்பைப் பற்றி அதன் பொறுப்பாளரே அப்படிச் சொல்வது எளிதன்று.

2004 ஆகஸ்டு 27ஆம் நாள் முடிவு அறிவிக்கப்பட்டது. வின்எஃப்எஸ் லாங்ஹார்னிலிருந்து நீக்கப்பட்டது. உறுதியாக இயங்கிக்கொண்டிருந்த விண்டோஸ் சர்வர் 2003இன் நிரலை அடித்தளமாகக் கொண்டு வேலை மீண்டும் தொடங்கியது. எழுதப்படும் நிரல் பொதுத் தொகுப்பில் சேருமுன் குறித்த சோதனைகளைத் தாண்ட வேண்டும் என்ற ஒழுங்கும் கடுமையாக்கப்பட்டது. 2005 ஜூலையில் 'விண்டோஸ் விஸ்டா' என்ற விற்பனைப் பெயர் சூட்டப்பட்டு, 2006இல் பொதுமக்களுக்கான சோதனைப் பதிப்பு வந்து, 2007 ஜனவரி 30ஆம் நாள் அது கடைக்கு வந்தது. எக்ஸ்பிக்குப் பின் ஐந்தாண்டுக்கு மேல் கடந்திருந்தது. பிளாக்கோம் திட்டமோ பெயரும் உருவமும் மாறி, 2009இல் விண்டோஸ் 7 ஆக வந்தது.

வந்த விஸ்டாவும் குறையற்றதாக இல்லை என்பது நாம் அறிந்ததே. ஆயினும், 2004இல் அந்த முடிவு எடுக்கப்படாதிருந்தால் கோப்லேண்டுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்திருக்கும்.

சொல்லியும் கேளாத போது

சோதனைப் பதிப்பு வெளியிட்டாலே போதும், பொருள் சிறந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. சிகாகோவில் பிறந்த அதே பொத்தான் இதற்கும் சான்றாக நிற்கிறது.

விண்டோஸ் 8 உருவானபோது, மக்கள் 'ஸ்டார்ட்' பட்டியலைப் பயன்படுத்துவது குறைந்துவருவதாகப் பயன்பாட்டுத் தரவுகளைக் காட்டி மைக்ரோசாப்ட் விளக்கியது. 2012 பிப்ரவரியில் வந்த பயனர் முன்னோட்டப் பதிப்பில் பணிப்பட்டையிலிருந்து அந்தப் பொத்தானே நீக்கப்பட்டிருந்தது. முன்னோட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் பலர், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என முறையிட்டனர். 1993இல் ஆய்வுக்கூடத்தில் எழுந்த அதே திகைப்பு! ஆனால் 2012 அக்டோபர் 26ஆம் நாள் விண்டோஸ் 8 பொத்தான் இல்லாமலே வெளிவந்தது. ஓராண்டு கழித்து, 2013 அக்டோபரில் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015இல் விண்டோஸ் 10 உடன் பட்டியலும் திரும்பியது.

ஒரு பொத்தானை எத்தனை முறை அழுத்தினார்கள் என்பதைத் தரவு எண்ணிச் சொல்லும். அது இல்லாவிட்டால் மனிதர் எப்படித் திகைப்பார் என்பதை அவரே வாய்திறந்து சொன்னால்தான் தெரியும்.

தமிழும் சோதனைப் பதிப்புகளும்

இதில் நமக்கு என்ன என்ற கேள்விக்கு இப்போது வரலாம்.

1990களில் கணினியில் தமிழ் எழுதியவர்கள், ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை வேறோர் எழுத்துருவில் படிக்க முடியாத தொல்லையை நன்கறிவர். இந்த வட்டாரத்திலேயே அதற்குத் தீர்வு தேடியவர்கள் இருந்தனர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' வழியாகவும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' வழியாகவும் ஆற்றிய பணிகள் குறிப்பிடத்தக்கவை. கணினித் தமிழுக்கான தமிழ்நெட் 97 மாநாடு 1997இல் சிங்கப்பூரில் நடந்தது. பின்னர் யூனிகோடு முறை வந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000, லதா எழுத்துருவுடன் யூனிகோடு தமிழை இயங்குதளத்திலேயே ஏற்றது. முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தோடு சேர்ந்து வந்தது.

தமிழ் உள்ளே வந்துவிட்டது. ஆனால் உள்ளே வந்த தமிழ் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, தமிழ் தெரிந்த கண்கள் வேண்டும். அமெரிக்காவில் அமர்ந்திருக்கும் தமிழறியாத நிரலாளருக்குக் 'கொ' உடைந்து கிடந்தாலும் அழகிய ஓவியமாகவே தெரியும். எந்தச் சோதனைப் பதிப்பிலும் நாம் செய்து பார்க்கக்கூடிய மூன்று சோதனைகளை இங்கே குறிப்பிடலாம்.

முதலாவது, கொம்புச் சோதனை. 'கெ' என்ற எழுத்தைக் கணினி சேமிக்கும்போது முதலில் 'க', அடுத்துக் கொம்பு என்ற வரிசையில் வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும். 'கொ' என்றால் மெய்யின் இருபுறமும் குறி வர வேண்டும். இந்த இடமாற்றம் தவறினால் கொம்பு பின்னே நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். திரையின் எல்லா இடங்களிலும், அதாவது கோப்பின் பெயரிலும் சாளரத்தின் தலைப்பிலும் அறிவிப்புகளிலும், இதைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் தவறாகவும் இருப்பதுண்டு.

இரண்டாவது, அகரவரிசைச் சோதனை. யூனிகோடு அட்டவணையில் 'ன' என்ற எழுத்து 'ந'வை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். அதுபோல அட்டவணையில் 'ள' முன்னும் 'ழ' பின்னும் உள்ளன. நம் வரிசை ழ, ள. எனவே அட்டவணை எண்ணை மட்டும் நம்பி வரிசைப்படுத்தும் கணினி, 'கனி'யைக் 'கயல்'லுக்கு முன்னும், 'வளி'யை 'வழி'க்கு முன்னும் வைக்கும். தமிழ் அகராதி முறைப்படி கயல் முன், கனி பின். வழி முன், வளி பின். இந்த நான்கு சொற்களையும் நான்கு கோப்புகளுக்குப் பெயராக இட்டு வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

மூன்றாவது, தேடல் சோதனை. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'கொடி' என்று தேடும்போது இரு வகையில் எழுதப்பட்டவையும் கிடைக்க வேண்டும். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால், அது நம் ஆய்வேட்டின் தரவைத் தேடும் நாளில்தான் நம்மைக் கடிக்கும்.

இத்தகைய குறைகளை வெளியீட்டுக்கு முன் சொன்னால் திருத்துவது எளிது. வெளிவந்த பின், அந்தத் தவறான நடத்தையையே நம்பிப் பல மென்பொருள்கள் எழுதப்பட்டுவிடும். அப்போது திருத்தினால் அவை உடையும். காலம் தாழ்ந்த திருத்தம் சில வேளை வராமலே போவதற்குக் காரணம் இதுதான்.

சோதிப்பவர் கவனிக்க வேண்டியவை

முன்பெல்லாம் சோதனைப் பதிப்பைப் பெற விலை கொடுக்கவோ அழைப்புக்குக் காத்திருக்கவோ வேண்டியிருந்தது. மைக்ரோசாப்டின் இன்சைடர் திட்டம் 2014இல் தொடங்கியது. அதே ஆண்டு ஆப்பிளும் தன் மேசைக் கணினி இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்தது. லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியிடும் பதிப்புகளுக்கு முன் பீட்டா வழங்குகிறது. இவற்றுக்குக் கட்டணம் இல்லை. பங்கேற்க விரும்புவோர் பின்வருவனவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

1. இடுபணியும் ஆய்வேடும் இருக்கும் கணினியில் சோதனைப் பதிப்பை நிறுவக் கூடாது. பழைய கணினியிலோ, மெய்நிகர் கணினி மென்பொருளுக்குள்ளோ நிறுவலாம். எப்படியாயினும் கோப்புகளுக்கு முன்கூட்டியே படியெடுத்து வைக்க வேண்டும்.

2. உருவாக்கியவரிடமிருந்தே நேரடியாகப் பெற வேண்டும். கசிந்து வரும் பதிப்புகளில் கெடுநிரல் கலந்திருக்கலாம். மேலும், திருட்டுப் பதிப்பில் கண்ட பிழையை யாரிடம் போய்ச் சொல்வது?

3. கட்டுமான எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாத முறையீட்டை நிரலாளரால் பின்தொடர இயலாது.

4. ஒரு முறையீட்டில் ஒரு பிழையை மட்டும் எழுத வேண்டும். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். 'தமிழ் சரியாக வரவில்லை' என்று எழுதுவதால் பயனில்லை.

5. படிப்பவருக்குத் தமிழ் தெரியாது என்று எண்ணியே எழுத வேண்டும். சரியான வடிவம், தவறான வடிவம் இரண்டின் படங்களையும் அருகருகே இணைக்க வேண்டும்.

6. அடுத்த கட்டுமானம் வந்ததும் அதே சோதனையை மீண்டும் செய்து பார்க்க வேண்டும். திருத்தப்பட்ட பிழை மறுபடி தலைகாட்டுவது மென்பொருள் உலகில் அன்றாடம் நடப்பது.

முடிவுரை

சிகாகோவைச் செய்தவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். ஆயினும், தாம் அமைத்த மூன்று பொத்தான்கள் மற்றவரைத் திகைக்க வைக்கும் என்பதை அவர்களால் தாமாக உணர முடியவில்லை. 560 பேர் அமர்ந்து காட்டிய பிறகே உணர்ந்தனர். கொடியாக்கின் பயனர்கள் வாய்திறந்ததால் ஆப்பிள் சின்னம் இடம் மாறியது. லாங்ஹார்னின் பொறுப்பாளர் வாய்திறந்ததால் ஒரு திட்டம் முழுத்தோல்வியிலிருந்து தப்பியது. கோப்லேண்டில் போதும் என்று சொல்ல ஆளில்லை. விண்டோஸ் 8இல் சொல்ல ஆளிருந்தும் கேட்க ஆளில்லை.

தமிழைப் பொறுத்தவரை, கேட்கும் வாசல் இப்போது திறந்திருக்கிறது. சொல்லத்தான் ஆள் குறைவு. பிற மொழியினர் தத்தம் எழுத்துக்காக முறையிடும்போது நாம் இறுதிப் பதிப்பு வரும்வரை காத்திருந்து, பின்னர் தமிழைப் புறக்கணித்துவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை. நம் கழகத்திலேயே ஒரு சிறு குழு அமைத்து, ஆண்டுக்கு ஒரு மாலைப்பொழுது புதிய சோதனைப் பதிப்புகளில் கயலையும் கனியையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் போதும். தமிழ்த்துறை மாணவர் பிழையைக் காண்பார். கணினித்துறை மாணவர் அதை எடுத்தெழுதுவார். இருவரும் ஒரே கழகத்தில் இருப்பது நமக்கு வாய்த்த வசதி.

அன்று ஜொகூர் பாருவில் 6 ரிங்கிட் கொடுத்தவர்கள் ஒரு சோதனைப் பதிப்பை வைத்திருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு ஒரு வழியில்லை. இன்று நமக்கு இரண்டும் உண்டு, விலையின்றியே.